அனுமதி யார் கையில்?

1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிவிட்டது. சில ஆண்டுகளிலேயே ஓசூர் கல்லூரி ஒன்றின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநில அரசு தான் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முனைந்ததுதான் காரணம். 'அதியமான் வழக்கு' என்று வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் அந்த வழக்கில் 1995-ல் தீர்ப்பு வந்தது: தொழில்நுட்பக் கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது 1987-ஆம் ஆண்டின் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி கவுன்சில்) சட்டம், அதனோடு மோதும் மாநிலச் சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது.

அதோடு முடிந்துவிடவில்லை. பல்கலைக்கழகம் புதிய தொழில்நுட்பப் படிப்பைத் தொடங்க கவுன்சிலின் முன் அனுமதி தேவையில்லை என்று 2001-ல் பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பானது. கலை, அறிவியல் கல்லூரிகளின் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகள் பற்றிய வழக்கு 2013 வரை நீண்டது. மூன்றிலும் அலசப்பட்டது அதிகாரம் யாருக்கு என்பதே. அந்தப் படிப்புக்கு ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வகம் இயங்குகிறதா என்பது வழக்கின் மையத்துக்கு வரவே இல்லை.

தரம் பற்றிய அந்தக் கேள்வி 2020-ல் கேரள வழக்கு ஒன்றில் வந்தது. செயற்கை நுண்ணறிவில் பி.டெக். தொடங்க ஒரு கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி கொடுத்துவிட்டது. தரச்சான்று உள்ளிட்ட தன் நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இணைப்பு தர மறுத்தது. கவுன்சில் வகுத்த தரத்தைப் பல்கலைக்கழகம் குறைக்க முடியாது, உயர்த்தலாம் என்றது உச்ச நீதிமன்றம். இத்தனை ஆண்டு வழக்குகளில் மாணவருக்கு நேரடியாகப் பயன்படும் தீர்ப்பு என்று இதைத்தான் சொல்வேன்.

அனுமதிச் சண்டையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை 2017 தீர்ப்பு காட்டியது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் கவுன்சில் அனுமதி இல்லாமலே அஞ்சல் வழியில் பொறியியல் பட்டம் கொடுத்திருந்தன. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தரத்தைக் காப்பதில் நீதிமன்றம் காட்டிய கண்டிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் வேலையில் சேர்ந்து, அந்தப் பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வும் பெற்றவர்கள், பத்தாண்டுக்கு மேல் கழித்து மறுபடி தேர்வு மேசையில் உட்கார வேண்டியிருந்தது. வாய்ப்பு இரண்டே முறை. அனுமதி வாங்காதது அவர்கள் செய்த தவறு அல்லவே.

2024-ல் தெலங்கானாவிலும் இதே இழுபறிதான். கம்ப்யூட்டர் சயன்ஸ் இடங்களைக் கூட்ட கவுன்சில் சம்மதித்தது, மாநில அரசு மறுத்தது, கல்லூரிகள் நீதிமன்றம் போயின. சிவிலும் மெக்கானிக்கலும் தேய்ந்துபோகின்றன என்று ஒரு மாநிலம் கவலைப்படுவது நியாயம். அதைக் கலந்தாய்வு நடக்கும் நேரத்தில் சொல்வதுதான் நியாயமில்லை.

இதற்கு வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2012-ல் பார்ஸ்வநாத் அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றமே கால அட்டவணை வகுத்தது: ஏப்ரல் 10-க்குள் கவுன்சில் முடிவு, மே 15-க்குள் பல்கலைக்கழக இணைப்பு, ஆகஸ்ட் 1-ல் வகுப்பு. மாநில அரசின் ஆட்சேபமும் அந்த மே 15-க்குள் வந்தாக வேண்டும். அதற்குப் பிறகு கிடைக்கும் எந்த அனுமதியும், அது நீதிமன்றம் வழியாக வந்தாலும், அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கே பொருந்த வேண்டும்.