வால்வு ரேடியோவின் குடலை உருவாதீர்கள்

சமீப காலமாக ஒரு வழக்கம் பரவி வருகிறது. அப்பா காலத்து வால்வு ரேடியோவைப் பரணிலிருந்து இறக்குகிறார்கள். உள்ளே இருக்கும் சேசிஸை அப்படியே கழற்றிக் காயலான் கடையில் போடுகிறார்கள். காலிப் பெட்டிக்குள் ஒரு புளூடூத் போர்டை வைத்து, "ரேடியோவைப் புதுப்பித்துவிட்டோம்" என்கிறார்கள். என்னைக் கேட்டால், மிஞ்சியது ரேடியோ அல்ல, ரேடியோப் பெட்டி.

இதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று.

முதலாவது, "வால்வு கிடைக்காது." ஆனால் பேசாமல் போன செட்டுகளில் பெரும்பாலும் குற்றவாளி வால்வு அல்ல, கண்டென்சர். பேப்பர் கண்டென்சர்கள் கசியும். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் உள்ளே காய்ந்துபோகும். இவற்றை மாற்றினாலே பல செட்டுகள் பேசிவிடும். சாமானுக்கு ஆகும் செலவும் பெரிதல்ல. இசிஎச்81, ஈபிஎஃப்89 போன்ற வால்வுகள் அந்தக் காலத்தில் ஏராளமாகத் தயாரானவை. தேடினால் இன்றும் கிடைக்கும். ஈஎல்84 வால்வை கிடார் ஆம்ப்ளிஃபையர்களுக்காக இன்றும் வெளிநாட்டில் தயாரிக்கிறார்கள்.

இரண்டாவது, "பிடிக்க ஸ்டேஷன் இல்லை." இதில் உண்மை உண்டு. ஆகாசவாணி மீடியம் வேவ் ஒலிபரப்பைப் பல ஊர்களில் நிறுத்திவிட்டது. மிச்சம் இருப்பதையும் வீட்டிலுள்ள எல்.இ.டி. பல்பும் இன்வெர்ட்டரும் இரைச்சலில் மூழ்கடிக்கின்றன. ஆனால் அதற்காகக் குடலை உருவ வேண்டுமா? செட்டின் பின்புறம் பாருங்கள். ரெக்கார்டு பிளேயர் இணைப்பதற்கென்று "பிக்-அப்" துளைகள் பலவற்றில் இருக்கும். செல்போனின் இடது, வலது ஒலி இரண்டையும் ஆளுக்கொரு ரெசிஸ்டர் வழியாக ஒன்றாக்கி அங்கே கொடுத்தால், பழைய பாட்டு அதே வால்வு வழியாக, அதே பெரிய ஸ்பீக்கரில் வரும். எதையும் வெட்ட வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை: டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டில் மட்டுமே இதைச் செய்யலாம். ஏ.சி./டி.சி. செட்டுகளில் மெயின் மின்சாரம் நேராகச் சேசிஸுக்கே வரும். அவற்றின் வால்வு எண்கள் பெரும்பாலும் யுசிஎச், யுசிஎல் என்று "யு"வில் தொடங்கும். அவற்றில் வயர் எதையும் இணைக்காதீர்கள்.

மூன்றாவது, "மெக்கானிக் இல்லை." இதுதான் என்னை உண்மையில் கவலைப்பட வைக்கிறது. வால்வு வேலை தெரிந்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள். கூடவே பேரனையும் அழைத்துப் போங்கள். அவர் கை வேலை செய்வதைப் பார்த்துத்தான் இதைக் கற்க முடியும்.

அதுவரை ஒன்று மட்டும் செய்யாதீர்கள். முப்பது வருடம் தூங்கிய செட்டை, "பாடுகிறதா பார்ப்போம்" என்று பிளக்கில் சொருகாதீர்கள். அவுட்புட் வால்வுக்குப் போகும் ஒரு கண்டென்சர் கசிந்தால் போதும், வால்வோடு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் எரிந்துவிடும். விவரம் தெரிந்தவர் முதலில் கண்டென்சர்களைச் சோதிப்பார். பிறகு ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு மின்சாரம் கொடுப்பார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். தெரியாதவர்கள் கை வைக்கக் கூடாது.

தபால் ஆபீசில் வருடா வருடம் லைசென்ஸ் கட்டி நம் பெற்றோர் காப்பாற்றிய பொருள் இது. சரிசெய்ய வசதி இல்லையென்றால் பரவாயில்லை. பின் அட்டையோடு, வால்வுகளோடு, ஈரம் படாத இடத்தில் அப்படியே வையுங்கள். பழுதான ரேடியோவை நாளை ஒருவர் சரிசெய்யலாம். குடல் உருவப்பட்ட பெட்டியை யாராலும் முடியாது.