மீனுக்குப் பெயர் வைப்பது வீண் வேலையா?

சந்தைக்குப் போகிறவர் மீனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டுதான். மீன் புதியதா? விலை என்ன?

அதை விட்டு, "செதில் எத்தனை வரிசை? துடுப்பில் எத்தனை முள்?" என்று ஒருவர் எண்ணிக்கொண்டு நின்றால் மீன்காரி சிரிப்பாள். ஆனால் அப்படி எண்ணிக்கொண்டு நின்றவர்கள் இருக்கிறார்கள். இலங்கைத் தீவில் அந்த வேலை ஏறக்குறைய 200 ஆண்டுகளாக நடந்து வருகிறது.

"அரிசிக்கும் மருந்துக்கும் பணம் வேண்டியிருக்கும்போது, மீனுக்குப் பெயர் வைக்க ஓர் ஆராய்ச்சியா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் அந்தத் தீவின் கதையிலேயே இருக்கிறது.

கவர்னரும் சித்திரக்காரரும்

இலங்கையின் கரையோரத்தை டச்சுக்காரர்கள் ஆண்ட காலம். 1752 முதல் 1757 வரை லோட்டன் என்பவர் அங்கே கவர்னராக இருந்தார். பறவை, விலங்கு, மீன், செடி எல்லாவற்றையும் படமாக வரைந்து வைக்க அவருக்கு ஆசை. வரைந்து கொடுத்தவர் டி பெவெர். அவர் இலங்கையிலேயே பிறந்தவர்.

படங்கள் கவர்னரோடு கப்பலேறி ஐரோப்பா போயின. அங்குள்ள அறிஞர்கள் அவற்றைப் பார்த்து வியந்தார்கள். ஒரு தேன்சிட்டுக்கு லோட்டனின் பெயரே சூட்டப்பட்டது. அந்தச் சிட்டு தமிழ்நாட்டுத் தோட்டங்களிலும் பறக்கிறது. கவர்னருக்குப் பெயர் கிடைத்தது. கைவலிக்க வரைந்தவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

1758-ல் சுவீடன் நாட்டு லின்னேயஸ், விலங்குகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொற்களில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டினார். முதற்சொல் குடும்பப் பெயர் போன்றது. இரண்டாவது சொந்தப் பெயர் போன்றது. எந்த நாட்டவர் படித்தாலும் ஒரே உயிரைத்தான் குறிக்கும்.

இது ஏன் தேவை? "கெண்டை" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பெயருக்குள் எத்தனையோ மீன்கள் அடக்கம். ஓர் ஊரில் ஒரு மீன், அடுத்த ஊரில் வேறு மீன். செம்படவருக்குத் தம் மீனைத் தெரியாது என்பதல்ல இதன் பொருள். அவருக்குத் தெரிந்ததை அடுத்த கரைக்காரருக்கும் புரியும்படி எழுதிவைக்க ஒரு பொதுப் பெயர் வேண்டும், அவ்வளவே.

படைவீரன் போன இடம்

ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையில் உத்தியோகம் பார்த்தவர் பென்னெட். கரையோர மீன்களில் அழகானவற்றைத் தேர்ந்து, 30 வண்ணப் படங்களோடு ஒரு புத்தகம் வெளியிட்டார். அது 1828 முதல் 1830 வரை பகுதி பகுதியாக வந்தது.

அவர் பெயர் சூட்டிய மீன்களில் ஒன்று, முதுகில் விஷமுள் கொண்ட சிங்கமீன். அதற்கு அவர் இட்ட பெயர் "மைல்ஸ்". லத்தீன் மொழியில் படைவீரன் என்று அர்த்தம்.

அந்தப் பெயருக்கு இன்று என்ன மதிப்பு தெரியுமா? இதே சிங்கமீன் இப்போது சூயஸ் கால்வாய்க்கு அப்பால் மத்தியதரைக் கடலில் புகுந்து பரவிவருகிறது. அங்குள்ள சிறு மீன்களை விழுங்குகிறது. அங்கே மீனவர்கள் வலையில் அது விழுந்தபோது, "இது யார்? எங்கிருந்து வந்தது?" என்று விடை சொல்ல உதவியது அந்தப் பழைய பெயர்தான். வீட்டுக்குள் நுழைந்தவன் யாரென்று தெரிந்தால்தானே தடுக்க முடியும்?

மலரின் பெயரில் ஒரு மீன்

பென்னெட்டுக்குப் பின் வந்தவர் பிரான்சிஸ் டே. சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்தவர். இந்தியா, பர்மா, இலங்கை மூன்றின் மீன்களையும் சேர்த்து 1875 முதல் 1878 வரை அவர் வெளியிட்ட பெரிய நூலை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

இவர்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள். தீவின் பிள்ளை ஒருவர் அந்த வேலையைக் கையில் எடுத்தார். அவர் பி. இ. பி. தெரணியகல. 1939 முதல் 1963 வரை இலங்கையின் தேசியப் பொருட்காட்சி சாலைகளுக்குத் தலைவராக இருந்தவர்.

1929-ல் காட்டு ஓடையில் வாழும் ஒரு சின்னஞ்சிறு சிவப்பு மீனை அவர் உலகுக்கு அறிவித்தார். கிராம மக்கள் அதைச் சிங்களத்தில் "தித்தேயா" என்று அழைத்தார்கள். அவர் வேறு பெயர் தேடவில்லை. அதையே விஞ்ஞானப் பெயரில் சேர்த்துவிட்டார். உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் செர்ரி பார்ப் மீன் அதுதான். மறு ஆண்டு இன்னொரு மீனுக்கு, ஓடையில் உதிரும் ஒரு காட்டு மரத்துப் பூவின் பெயரை வைத்தார்.

ஊர்க்காரர் ஒருவர் வந்தபோது ஊர்ச்சொல்லும் விஞ்ஞானத்தில் ஏறியது. கவனிக்க வேண்டிய விஷயம் இது.

"அங்கேதான் இருக்கிறதே!"

தவறாகப் பெயரிட்டால் என்ன ஆகும்? அதற்கும் இலங்கையில் சாட்சி உண்டு.

பனி யுகங்களில் கடல் தாழ்ந்தபோது இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. இரு கரை மீன்களும் உருவத்தில் ஒத்திருப்பதில் வியப்பில்லை. 1912-ல் டங்கர் என்ற ஜெர்மானியர் இலங்கை மீன் ஒன்றுக்குச் "சிங்கள" என்று பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள், "இது தென்னிந்தியாவில் உள்ள மீனேதான்" என்று அதைத் தள்ளிவிட்டார்கள். மறுபடி ஆராய்ந்த பிறகுதான் அது தனி இனம் என்று ஏற்கப்பட்டது.

இதை வெறும் புத்தகச் சண்டை என்று ஒதுக்கலாமா? இரண்டும் ஒன்று என்று எழுதிவைத்தால், தீவில் அது அழிந்தாலும் யாரும் பதற மாட்டார்கள். "அங்கேதான் இருக்கிறதே" என்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் உலகத்திலிருந்தே ஓர் உயிர் போயிருக்கும்!

இலங்கையில் இயல்பாக வாழும் நன்னீர் மீன்களில் பாதிக்கு மேற்பட்டவை வேறெந்த நாட்டிலும் இல்லாதவை. 1991-ல் கோட்லாவும் ரோகன் பெத்தியாகொடவும் அறிவித்த "பந்துலா" என்ற மீன், கலபிட்டமட என்ற ஊரருகே ஒரே ஒரு சிற்றோடையில்தான் அப்போது காணப்பட்டது. ஒரு தடவை பூச்சிமருந்து கலந்தால் போதும், கதை முடிந்தது. பெயர் கிடைத்ததால்தான் அதைக் காக்க வேண்டும் என்ற பேச்சே எழுந்தது. பெயரில்லாத உயிருக்காக யார் மனுக் கொடுப்பார்கள்?

செய்ய வேண்டியது

ஆகவே இது வீண் வேலை அல்ல. ஆனால் அதைச் செய்யும் முறை மாற வேண்டும்.

முதலாவது, பிடித்த மீனின் மாதிரி அந்தந்த நாட்டிலேயே பத்திரமாக இருக்க வேண்டும். தன் ஊர் மீனைப் பார்க்க ஒரு மாணவன் லண்டனுக்குப் போக வேண்டிய நிலை கூடாது.

இரண்டாவது, பள்ளிப் புத்தகத்தில் சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் விஞ்ஞானப் பெயரோடு சேர்ந்து அச்சாக வேண்டும். ஓடைக்கரைப் பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

மூன்றாவது, வலை வீசியவருக்கும் படம் வரைந்தவருக்கும் பெருமையில் பங்கு வேண்டும். இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1822-ல் வெளிவந்த கங்கை மீன்கள் நூலுக்குப் படம் வரைந்தவர் ஹலுதார் என்ற வங்காள இளைஞர். ஏறக்குறைய 190 ஆண்டுகள் கழித்து, 2013-ல் பெத்தியாகொட தென்னிந்திய மீன் வகை ஒன்றுக்கு "ஹலுதாரியா" என்று பெயரிட்டார். நன்றி தாமதமாக வந்தாலும் வந்து சேர்ந்தது.

டி பெவெருக்கும் அப்படி ஒரு நாள் வரட்டும்.

அடுத்த முறை குழந்தை ஓடைக்கரையில் நின்று, "அம்மா, இது என்ன மீன்?" என்று கேட்டால், "ஏதோ ஒரு மீன்" என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அந்தப் பக்கத்து வலைக்காரரிடம் கேட்டுச் சொல்லுங்கள். தெரணியகலவும் அப்படிக் கேட்டுத்தான் எழுதினார்.