இரக்கம் மட்டும் போதுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை எடுத்துப் போர்த்தினான் பேகன். கன்றை இழந்த பசுவின் கண்ணீருக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன். மேடைதோறும் இவற்றைச் சொல்லிச் சொல்லி நாம் மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் ஒன்றை மட்டும் நாம் கேட்பதில்லை. அந்த மயில் நடுங்கியது குளிராலா, காய்ச்சலாலா? காய்ச்சல் என்றால் போர்வை என்ன செய்யும்? பேகனிடம் இரக்கம் இருந்தது. நோய் இன்னதென்று எடுத்துச் சொல்ல வல்லவர் அருகில் இல்லை.

இன்றும் நம் கிராமங்களின் நிலை அதுதான். வாயில்லா ஜீவன்களிடம் நமக்கு இரக்கம் உண்டு, அறிவுதான் போதவில்லை. அந்த அறிவைத் தேடிச் சேர்த்து, அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்வோர் சிலர் உளர். நாய், பூனை முதலிய சிறு பிராணிகளின் உள்நோய் மருத்துவப் பேராசிரியர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். "பணக்காரர் வீட்டு நாய்க்கு வைத்தியம் பார்க்கும் படிப்பு" என்று இதனை எள்ளி நகையாடுவோர் பலர். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன். இந்தப் படிப்பு பட்டணத்தைவிடப் பட்டிக்காட்டுக்கே அதிகம் தேவை. பட்டிக்காட்டிலிருந்து செல்லும் மாணவர்களே அதற்கு ஆசிரியராகவும் வர வேண்டும்.

வாயில்லாத நோயாளி

உள்நோய் மருத்துவம் என்பது என்ன? இதயம், ஈரல், சிறுநீரகம், இரத்தம், சுரப்பிகள் ஆகியவற்றில் மறைந்து நிற்கும் நோயைக் கண்டுபிடிக்கும் கலை அது. மனிதனிடம், "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கலாம். நாயிடம் கேட்க முடியுமா?

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். ஒரு பெண் நாய் வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறது. காரணம் நீரிழிவாக இருக்கலாம், சிறுநீரகம் கெட்டிருக்கலாம், கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம், அட்ரினல் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கலாம். வெளியே தெரியும் அடையாளம் ஒன்று. உள்ளே இருக்கக்கூடிய நோய்களோ நான்கு. நீரிழிவு என்றால் இன்சுலின் ஊசி போட வேண்டும். கருப்பையில் சீழ் என்றால் கத்தி எடுக்க வேண்டும். ஒன்றை மற்றொன்றாக நினைத்தால் உயிர் போய்விடும். இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து, வீட்டுக்காரர் சொல்வதில் வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்து, படிப்படியாக ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் "இதுதான்" என்று விரல் வைப்பவரே உள்நோய் மருத்துவர். துப்பறிபவரின் மூளையும் தாயின் பொறுமையும் அவருக்கு வேண்டும்.

அமெரிக்காவில் இதனைத் தனித் துறையாகவே வளர்த்துள்ளனர். கால்நடை உள்நோய் மருத்துவத்துக்கென 1973-ஆம் ஆண்டு அங்கே ஒரு கல்விக் கழகம் அமைந்தது. பட்டம் பெற்ற பின்னும் ஓராண்டு பொதுப் பயிற்சி, மூன்றாண்டுத் தனிப் பயிற்சி, அதன்மேல் கடுமையான தேர்வுகள். இவற்றைக் கடந்தவரே சிறு பிராணி உள்நோய் வல்லுநர் என்று சொல்லிக்கொள்ளலாம். நம் நாட்டில் மாட்டையும் நாயையும் ஒரே மருத்துவத் துறையிலேயே மேற்படிப்பாகப் படிக்கின்றனர்.

நமக்கும் இதில் பெருமையான வரலாறு உண்டு. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரிக்குப் பெயர்ந்தது. 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்தைப் பட்டப்படிப்பாக்கியது. 1989-இல் தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் எழுந்தது. 2020-இல் நம் தேனியிலும் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முன்பு சென்னைக்கோ நாமக்கல்லுக்கோ மூட்டை கட்ட வேண்டியிருந்த படிப்பு, இன்று டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறது.

கிட்டங்கி நாயின் நோய்

"நாய்க்கு எதற்கையா பேராசிரியர்? பால் தரும் மாட்டைக் கவனித்தால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. மாடு நம் வயிற்றுப்பாடு. அதனை முதலில் கவனிக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் நாய் நம்மிடம் சும்மாவா இருக்கிறது? நம் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள கோம்பை, தன் பெயரையே ஒரு நாயினத்துக்குத் தந்த ஊர். திராட்சைத் தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் ஆட்டுக்கிடைக்கும் இரவெல்லாம் காவல் நிற்பது யார்? சம்பளம் வாங்காத காவலாளியன்றோ நாய்!

கொடைக்கானல் மலைப்பூண்டு வந்து இறங்கும் சந்தை எங்கள் வடுகபட்டி. அங்கே மூட்டை தூக்குபவர் என் தந்தை. எங்கள் தெருவில் பூண்டுக் கிட்டங்கி ஒன்றைக் காத்து வந்த நாய், சென்ற மழைக்காலத்தில் தீனி தொடாமல் படுத்தது. வாந்தி எடுத்தது. கண் மஞ்சளாயிற்று. மூத்திரம் கறுத்துப் போயிற்று. "எதையாச்சும் தின்னுருக்கும்" என்றார் ஒருவர். "பூச்சி கடிச்சிருக்கும்ப்பா" என்றார் இன்னொருவர். "கண்ணேறுதேன்" என்று முடித்துவிட்டார் எங்கள் அப்பத்தா. ஐந்தாம் நாள் அது செத்தது. ஊருக்கு வெளியே புதைத்தோம். நோய் இன்னதென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தெரியாமற் போனால் என்ன என்று கேட்கலாம். உண்ணி கடித்துப் பரவும் இரத்தக் காய்ச்சலிலும் அந்த அடையாளங்கள் வரும், எலிக்காய்ச்சலிலும் வரும். உண்ணியால் வந்ததென்றால் உண்ணியை ஒழிக்க வேண்டும். எலிக்காய்ச்சல் என்றாலோ, அந்த நாயின் சிறுநீர் கலந்த ஈரத்தில் வெறுங்காலோடு மூட்டை சுமந்து நடந்த மனிதருக்கும், காலில் சிறு புண் இருந்தால், அது தொற்றக்கூடிய நோய். ஆகவே அன்று நாயின் நோயைக் கண்டறிந்திருந்தால் அது மனிதருக்குச் செய்த மருத்துவமும் ஆகியிருக்கும். வெறிநாய்க்கடி நோயின் கதையும் இதுவே. மனிதருக்கு வரும் அந்நோயில் 99 விழுக்காடு நாயின் மூலமே வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இங்கேதான் வெறும் மருத்துவர் போதாது, ஆசிரியர் வேண்டும் என்கிறேன். எலிக்காய்ச்சல் கிருமியில் பல வகைகள் உண்டு. ஒரு வகைக்குப் போட்ட தடுப்பூசி இன்னொரு வகையை முழுதாகத் தடுக்காது. நம் ஊர் எலியிடமும் நாயிடமும் எந்த வகை திரிகிறது என்பதை வேற்றுநாட்டார் வந்து சொல்ல மாட்டார். சென்னை மாதவரத்தில் நம் கால்நடைப் பல்கலைக்கழகம் எலிக்காய்ச்சலை ஆராயும் ஆய்வுக்கூடம் வைத்திருப்பது அதனால்தான். காலையில் மாணவர் புடைசூழப் புறநோயாளிகளைப் பார்த்து, பிற்பகலில் பாடம் நடத்தி, பார்த்த ஒவ்வொரு நோயையும் ஏட்டில் பதிந்து, பத்தாண்டுப் பதிவுகளை அடுக்கிப் பார்த்து, "இந்த வட்டாரத்தில் இந்த மாதத்தில் இந்த நோய்" என்று சொல்பவர் பேராசிரியர். மருந்தகத்து மருத்துவர் ஒரு நாயைப் பிழைக்க வைப்பார். பேராசிரியரோ அத்தகைய மருத்துவர்களையே உருவாக்குகிறார்.

பட்ட கடன்

நாய்க்கு நாம் பட்ட கடனும் ஒன்று உண்டு. 1889-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றிப் பார்த்தனர். அதற்கு நீரிழிவு வந்தது. நீரிழிவுக்கும் கணையத்துக்கும் உள்ள உறவு அப்போதுதான் தெளிவாயிற்று. 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களை வைத்தே இன்சுலினைக் கண்டனர். மறு ஆண்டே அது மனிதனுக்குப் போடப்பட்டது. 1923-இல் பான்டிங், மக்லியாட் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாய்களுக்குக் கிடைத்தது என்ன? இன்று நம் வீடுகளில் சர்க்கரை நோயால் ஊசி போட்டுக்கொள்ளும் தாத்தாவும் பாட்டியும் அந்த நாய்களின் உயிரில் ஒரு துளியை ஏற்றுக்கொள்கின்றனர். அதே நீரிழிவு நாய்க்கு வந்தால் அதனைக் கண்டறிந்து அதே இன்சுலினைப் போட ஆள் வேண்டும் என்பது ஆடம்பரமா? நன்றி மறவாமை அன்றோ!

இரண்டாவது கதவு

இனி என் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் கொண்டே நிரப்பப்படுகின்றன. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இடமும் கிடைத்துள்ளது. முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. நம்மைப் போன்றோருக்கு முதற் கதவு திறந்துவிட்டது, மகிழ்ச்சி!

ஆனால் பேராசிரியராக வேண்டுமானால் இரண்டாவது கதவு ஒன்றைக் கடக்க வேண்டும். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு. பின் இரண்டாண்டு முதுகலை. அதன்பின் மூன்றாண்டு முனைவர் ஆராய்ச்சி. என் பெரியப்பா மகன் கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறார். உள்நோய் மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்து ஆசிரியராக வேண்டும் என்பது அவர் ஆசை. "ஏம்ப்பா, டாக்டருக்குப் படிச்சுட்டு மாட்டாஸ்பத்திரி வேலைக்குப் போவியா, இன்னும் அஞ்சு வருஷம் பொஸ்தகத்தைத் தூக்குவியா? உந்தங்கச்சி கல்யாணத்துக்கு நிக்கிறாப்பா" என்கிறார் பெரியப்பா. அண்ணன் பதில் பேசுவதில்லை.

பெரியப்பாவைக் குறை கூற எனக்கு மனமில்லை. அவர் போடுவது கணக்கு. கூலிக்கு மூட்டை தூக்கும் வீட்டில் ஐந்தாண்டு என்பது ஐந்தாண்டு வருமானம். வசதி உள்ள வீட்டுப் பிள்ளை காத்திருக்க முடியும். நம் வீட்டுப் பிள்ளையால் முடியாது. இப்படியே போனால் மருந்தகங்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் இருப்பார்கள். பாடம் எடுக்கும் மேடையில் இருக்க மாட்டார்கள். கிட்டங்கி நாயும் கிடை நாயும் எப்படிச் சாகின்றன என்று அறிந்தவர் எவரும் ஆராய்ச்சித் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்க மாட்டார். பின் ஆராய்ச்சி எந்த நாயைப் பற்றி நடக்கும்?

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது அரசாங்கத்துக்கு. இட ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடாமல், கற்பிக்கும் தொழிலுக்குச் செல்ல விரும்பும் முதல் தலைமுறை மாணவர்க்கு முதுகலையிலும் ஆராய்ச்சியிலும் தொடர வேண்டும். வீட்டுக்கும் ஒரு பகுதி அனுப்பக் கூடிய அளவுக்கு உதவித்தொகை இருந்தால் பெரியப்பாக்களின் கணக்கு தானே மாறும்.

இரண்டாவது மாணவத் தோழர்களுக்கு. விலங்கியல் படிக்கும் நாம் கால்நடை மருத்துவராக முடியாமற் போகலாம். ஆனால் நம் வீட்டில் ஒரு தம்பி, தங்கை பிளஸ் டூ படித்துக்கொண்டிருப்பார். "நாய் டாக்டரா?" என்று ஊர் சிரிக்கும்போது நாமும் சேர்ந்து சிரிக்காமல், அந்தப் படிப்பின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாமே. வீட்டில் முதலில் படித்தவன் சொன்னால் ஊர் கொஞ்சமாவது கேட்கும்.

பேகனின் போர்வையைப் பாடிய தமிழகம், நோயறியும் ஆசிரியரையும் போற்றட்டும். இரக்கம் நமக்குப் பழஞ்சொத்து. அறிவை நாம்தான் சம்பாதிக்க வேண்டும்!