ராதை கோபித்தால் யாருக்கு இழுக்கு?

திருமழிசையில் சென்ற மாதம் நடந்த வாசகர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் முத்துப்பழனியைப் பற்றிப் பேசினார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் சண்டை அவர் முன்வைத்த வாதத்தோடுதான். 'ராதிகா சாந்த்வனம்' எழுதியவள் அரண்மனைத் தாசி, அரசனை மகிழ்விக்க எழுதினாள், தெய்வக் காதலைப் படுக்கையறைச் சமாசாரமாக்கினாள் என்றார். பெண்களுக்காகப் பாடுபட்ட வீரேசலிங்கமே அதைக் கண்டித்திருக்கிறார், ஆங்கில அரசு தடை செய்ததில் தவறில்லை என்றார். கடைசியாக, அது தெலுங்கு நூல், நமக்கென்ன என்றும் சொன்னார். நூலைப் படித்தீர்களா ஐயா என்று ஒரு மாணவி கேட்டாள். படிக்க வேண்டிய அவசியமில்லை என்று பதில் வந்தது.

அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஒருவர், படிக்காத நூலுக்குத் தீர்ப்பு எழுதுவதை ஒரு பிள்ளையின் முன்னாலேயே நியாயப்படுத்தினார். இது சின்னப் பிழை இல்லை.

அவர் படிக்காத கதை இதுதான். இளா என்ற சிறுமியை ராதை தன் பெண்ணைப் போல வளர்க்கிறாள். அவள் பருவமடைந்ததும் தன் காதலன் கண்ணனுக்குத் தானே மணமுடித்து வைக்கிறாள். புதுப்பெண்ணுக்குப் புத்தி சொல்கிறாள். அவளிடம் மென்மையாக நடந்துகொள் என்று கண்ணனுக்கும் சொல்கிறாள். அதன் பிறகுதான் தான் எதைக் கொடுத்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைக்கிறது. பிரிவு தாங்கவில்லை, பொறாமை வேகிறது, கோபம் வருகிறது. கண்ணன் திரும்பி வந்து அவளைச் சமாதானம் செய்ய வேண்டியிருக்கிறது. 584 பாடல்களில் இது விரிகிறது. வயதில் மூத்த ஒரு பெண்ணின் ஆசை, தியாகம் என்று தொடங்கியது தன்னையே தின்னும் வேதனை, தனக்கு வேண்டியதைத் தயங்காமல் கேட்கும் துணிவு, இவைதான் நூலின் நடுநாடி. 18ஆம் நூற்றாண்டில், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் அவையில் இருந்த ஒரு பெண் இதை எழுதினாள். காதல் கதை இப்படியும் போகலாம் என்று இன்றைக்கு எழுதுகிறவர்களே யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறார்கள்.

அரசனை மகிழ்விக்க எழுதியது என்பது குற்றமென்றால் தமிழிலக்கியத்தில் பாதியை எரிக்க வேண்டும். ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்கள்மேல் மூன்று உலாப் பாடினார். உலா என்ன செய்கிறது? மன்னன் வீதியில் வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்து மயங்குகிறார்கள், உருகுகிறார்கள், மெலிகிறார்கள். பேதை என்பவள் விளையாட்டுப் பருவம் தாண்டாத சிறுமி, அவளையும் இலக்கணம் விட்டுவைக்கவில்லை. உருகுவது எப்போதும் பெண், நடந்து போய்விடுவது எப்போதும் அவன். இதை நாம் சிற்றிலக்கிய வகை என்று வகுப்பில் மனப்பாடம் செய்தோம். சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் கடை திறக்கச் சொல்லிப் பெண்களை அழைக்கும் பகுதி எவ்வளவு வெளிப்படையானது என்று தமிழ் படித்த யாரும் அறிவார்கள். அது போர் இலக்கியத்தின் மணிமுடி. சுப்ரதீபக் கவிராயரின் கூளப்பநாயக்கன் விறலிவிடு தூது தாசியைப் பணம் பிடுங்கும் பேயாகக் காட்டிச் சிரிக்க வைக்கிறது. அதையும் ரசித்துப் பதிப்பித்தோம். இத்தனை நூல்களிலும் தாசி பேசப்பட்டாள். முத்துப்பழனியின் நூலில் அவளே பேசினாள். ஆணைக் கெஞ்ச வைத்தாள். ஆசிரியரைச் சுடுவது வருணனை இல்லை, இந்தத் தலைகீழ்தான்.

தெய்வத்தைப் பற்றியா பேச்சு? ஜெயதேவரின் கண்ணன் ராதையிடம் அவள் பாதத்தைத் தன் தலைமேல் வைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். அந்த அஷ்டபதியை நம் பஜனை மடங்களில் கண்ணீரோடு பாடுகிறார்கள். நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பராங்குச நாயகி, பரகால நாயகி என்று பெண்ணாகவே நின்று உடல் தவிக்கப் பாடினார்கள். ஆண் பெண்ணாகிப் பாடினால் பக்தி, பெண் பெண்ணாகவே பாடினால் காமம் என்ற கணக்கை எந்த ஆசாரியர் சொன்னார்? ஆண்டாளைக் குறுக்கே நிறுத்தி முத்துப்பழனியை மட்டம் தட்டினார் ஆசிரியர். ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் பெயர்த்தவள் இந்த முத்துப்பழனி. ஜெயதேவரையும் பெயர்த்தாள். எந்த மரபில் நின்று எழுதுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை.

இனி வீரேசலிங்கம். 1881இல் ராஜமுந்திரியில் விதவைக்கு மறுமணம் நடத்தி வைத்தவர், ஊரையே எதிர்த்து நின்றவர். அந்த மரியாதை அவருக்கு என்றும் உண்டு. ஆனால் பெரிய மனிதர் சொன்னார் என்பதால் வாதம் சரியாகிவிடாது. இவள் தாசி, பெண்ணுக்கு இயல்பான நாணம் இவளிடம் இல்லை, இந்த நூலில் பெண்கள் காதால் கேட்கக்கூடாத பகுதிகள் உண்டு என்பதுதான் ஆந்திரக் கவிஞர்களின் வரலாற்றில் அவர் வைத்த குற்றச்சாட்டு. இதற்குத் தாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார். நாணம் பெண்களுக்கு மட்டும்தானா, ஆண்களுக்கு இல்லையா என்று கேட்டார். வீரேசலிங்கம் ஏற்றுக்கொண்ட ஆண் கவிஞர்களின் நூல்களில் இதைவிட வெளிப்படையான இடங்கள் இருப்பதைச் சுட்டினார். நூறு வருடத்துக்கு மேலாக அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பதில் சொல்லாமல் பழைய குற்றச்சாட்டை மட்டும் எடுத்துவந்து நம் மேடையில் வைப்பது ஆராய்ச்சியாகாது.

நாகரத்தினம்மாள் இந்த நூலைத் தேடிப் போனபோது கையில் கிடைத்த அச்சுப் பிரதி எப்படி இருந்தது தெரியுமா? 1887இல் அதை வெளியிட்ட வெங்கடநரசு முன்னுரைப் பாடல்களையே நீக்கியிருந்தார். சில பாடல்களையும் விட்டிருந்தார். முன்னுரையில் முத்துப்பழனி தன் வழியைச் சொல்கிறாள், பாட்டி தஞ்சநாயகியைச் சொல்கிறாள், புலவர்கள் தனக்கு நூல்களைக் காணிக்கையாக்கியதைச் சொல்கிறாள். வெட்டுப்பட்டவற்றில் இதுவும் இருந்தது கவனிக்க வேண்டியது. சிருங்காரத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் பாட்டியின் பெயரை எதற்கு எடுக்க வேண்டும்? ஒரு தாசி தன்னைக் கவியென்று, கவி மரபுள்ளவள் என்று சொல்லிக்கொண்டதுதான் கண்ணை உறுத்தியது. நாகரத்தினம்மாள் மூலச்சுவடி தேடி, முழு நூலை 1910இல் வாவிள்ள பதிப்பகத்தின் மூலம் கொண்டுவந்தார். தாசி எழுதியதைத் தாசி பதிப்பித்தாள் என்று பத்திரிகை ஏசியது. 1911இல் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்தது. கற்றவர்கள் பலர் மனுக் கொடுத்தும் பயனில்லை. 1947இல் பிரகாசம் தலைமையிலான அரசு தடையை நீக்கும் வரை 36 ஆண்டுகள் நூல் முடங்கிக் கிடந்தது. தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு கோயில் சிற்பத்துக்கும் தேர்ச் சிற்பத்துக்கும் விலக்கு அளித்திருந்தது. ஆண் சிற்பி கல்லில் செதுக்கியதற்குக் கிடைத்த விலக்கு, ஒரு பெண் ஓலையில் எழுதியதற்குக் கிடைக்கவில்லை. இதில் தவறில்லை என்கிறார் ஆசிரியர்.

தெலுங்கு என்பதால் நமக்கென்ன என்ற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. தஞ்சை மண்ணில் பிறந்த நூல் அது. திருவையாற்றில் தியாகராசர் சமாதியைத் தன் சொந்தப் பணத்தில் எழுப்பியவர் அதே நாகரத்தினம்மாள்தான். தியாகராசர் பாடியதும் தெலுங்குதான். அவரை யாரும் அந்நியர் என்று சொல்வதில்லை.

ஒன்று மட்டும் திருமழிசை ஊர்க்காரனாகச் சொல்ல வேண்டும். ஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் தை மகத்தன்று நாம் கொண்டாடும் ஆழ்வார், பிரம்பு அறுக்கும் திருவாளன் வீட்டில் வளர்ந்தவர். பெரும்புலியூரில் வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும், வளர்ந்த குலத்தை எண்ணி ஓதுவதை நிறுத்தினார்கள். விட்ட இடம் அவர்களுக்கே மறந்துபோக, ஆழ்வார் கறுப்பு நெல்லை நகத்தால் பிளந்து அதைக் குறிப்பால் காட்டினார் என்பது குருபரம்பரைக் கதை. காஞ்சியில் இளமையை வேண்டிய கிழவிக்கு அந்த இளமையைக் கொடுத்தவரும் அவரே. அவளை எள்ளவில்லை, வயதைச் சொல்லிக் காட்டவில்லை. இந்தக் கதைகளைச் சொல்லி வளர்ந்த ஊரில் நின்று, பிறந்த குலத்தைச் சொல்லியே ஒரு கவிஞரின் வாயை அடைக்கிறார் ஒரு தமிழாசிரியர். அதைக் கேட்டுச் சபை தலையாட்டுகிறது. எனக்கு வயிறு எரிகிறது.

1952இல் வாவிள்ள மறுபதிப்பு வந்துவிட்டது. 2011இல் பெங்குவின் வெளியிட்ட சந்தியா முல்சந்தானியின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கிறது. தெலுங்கு தெரியாது என்பது சாக்கு ஆகாது. ஆசிரியர் அதை முழுக்கப் படிக்கட்டும். அடுத்த கூட்டத்தில் கலிங்கத்துப்பரணியின் கடைதிறப்பையும் ஒட்டக்கூத்தரின் உலாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்னிரண்டும் பாடமாகி இது மட்டும் ஆபாசமானது எந்த வரியில் என்று, கேள்வி கேட்ட அந்த மாணவியிடமே சொல்லட்டும்.