மில்லுக்கு 18, மருத்துவமனைக்கு 16

"வயசு என்ன கண்ணு?" என்று கேட்டால், மில் விடுதிகளிலிருந்து வரும் பெண்களில் சிலர் பதில் சொல்வதில்லை, கூட வந்த வார்டனைப் பார்க்கிறார்கள். "பதினெட்டு முடிஞ்சிருச்சுங்க மேடம்" என்பார் வார்டன். நானும் பல நாள் அந்தப் பதினெட்டை அப்படியே சீட்டில் எழுதியிருக்கிறேன்.

இந்தப் பதினெட்டு எங்கிருந்து வருகிறது? 2016இல் திருத்தப்பட்ட குழந்தை, வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டப்படி, 14 முதல் 18 வயது வரையிலானவர்கள் இடைவேளையையும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது, ஓ.டி.யும் கூடாது. நூற்பாலையிலோ ஒரு ஷிப்ட் 8 மணி நேரம். இரவு ஷிப்டும் உண்டு. 16 வயதுப் பெண் அங்கே எந்த ஷிப்டிலும் நிற்க முடியாது. ஆகவே தரகர் அவளுக்கு இரண்டு வயதைக் கூட்டிவிடுகிறார். கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசைகாட்டிய 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரைச் சொல்ல இன்று ஆலைக்காரர்களே கூசுகிறார்கள். தரகர் மட்டும் தொழிலை விடவில்லை.

வயதைக் கூட்டலாம், உடம்பைக் கூட்ட முடியாது. நூற்பு ஃபிரேமை விட்டு நகர்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள், நீர்க்கடுப்போடு வருகிறார்கள். ஈரப் பஞ்சாய்க் கனக்கும் நாப்கினை ஷிப்ட் முடியும்வரை மாற்றுவதில்லை. மாதவிலக்கு வலி என்றால் ஓய்வு கிடையாது, மாத்திரைதான். தமிழ்நாட்டின் ஆயத்த ஆடை ஆலைகளில் பெயர்கூட ஒட்டாத மாத்திரைகளை வலிக்குக் கொடுத்ததாக ஏறத்தாழ நூறு பெண்கள் சொன்னதை, தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஐபுப்ரோஃபென் வகையும் இருந்தது. வெறும் வயிற்றில் தொடர்ந்து விழுங்கினால் குடல் புண்ணாகும். தண்ணீர் குடிக்காத உடம்பில் சிறுநீரகத்துக்கும் கேடு. இவற்றைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று: மாதாமாதம் துடிக்கவைக்கும் வலிக்குப் பின்னால் இருக்கும் நோயை அந்த மாத்திரை வருடக்கணக்கில் மூடிவைக்கிறது.

இந்த மில் பெண்ணின் வயதொத்த பள்ளி மாணவிக்கு வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை உண்டு. 'புதுயுகம்' திட்டத்தில் இலவச நாப்கின் உண்டு. படிப்பை நிறுத்திய கிராமத்துப் பெண்களுக்கு இவை அங்கன்வாடி வழியாகக் கிடைக்கும். ஆனால், இவள் பெயர் ஊர் அங்கன்வாடிப் பதிவேட்டில் இருந்தாலும், ஆள் இருப்பது வேறு மாவட்டத்து விடுதியில்.

கர்ப்பம் என்று வந்துவிட்டால் மட்டும் உண்மை வயது வெளியே வருகிறது. 18க்குக் கீழே என்று தெரிந்ததும் போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல் துறைக்குத் தகவல் தந்தாக வேண்டும். கருக்கலைப்புக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதமும் வேண்டும். இதற்குப் பயந்து மருந்துக் கடை மாத்திரையை விழுங்கிவிட்டு, ஏற்கெனவே ரத்தசோகை பிடித்த உடம்பு விடுதிக் குளியலறையில் ரத்தம் கொட்டிய பிறகு வருகிறார்கள். அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் காவல் துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. இதை அவளிடம் சொல்ல விடுதியில் யார் இருக்கிறார்கள்?

ஆலைகளில் 'விழிப்புணர்வு முகாம்' நடக்காமல் இல்லை. மேடை, பேனர், நாப்கின் பொட்டலம், முன்வரிசையில் மேலாளர். அந்தக் கூட்டத்தில் எந்தப் பெண் வெள்ளைப்படுதலைப் பற்றிக் கேட்பாள்? மில் சம்பளம் வாங்காத ஒருவர் விடுதிக்குள் போக வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் போதும். வாரம் ஒரு மாலை, கதவுக்கு வெளியே வார்டன். மாதவிலக்கு, கருத்தடை, பால்வினை நோய், தொட வரும் சூப்பர்வைசரிடம் என்ன சொல்வது, யாரிடம் புகார் தருவது என எல்லாம் அங்கே பேசப்படட்டும். இது குழந்தைத் தொழிலாளர் முறையை ஏற்றுக்கொள்வதாகாதா என்பார்கள் சிலர். மீட்க வேண்டியது தொழிலாளர் துறை, மீட்கட்டும். அதுவரை அவளுடைய மாதவிலக்கு காத்திருக்காது.

மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. சுகாதாரத் துறையை ஒரு சுற்றறிக்கை அனுப்பச் செய்தால், அடுத்த வாரமே செவிலியர் விடுதி வாசலில் நிற்பார்.

- கட்டுரையாளர், மகப்பேறு மருத்துவர்