காளையும் காலும்

தை நெருங்கிவிட்டால் புதுக்கோட்டைச் சீமை வாலிபர்களுக்கு வீட்டிலே இருப்புக் கொள்ளாது. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாகத் தச்சங்குறிச்சியில் நடைபெறும். விராலிமலையிலோ 2019-ம் ஆண்டில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு உலக சாதனை என்று பெயர் வாங்கினார்கள். இத்தகைய ஜில்லாவில், சென்ற மார்கழியில் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குப் போயிருந்தோம்.

அங்கே பெரிய வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. வாதி, நண்பருடைய தாயார். பிரதிவாதி, அவருடைய பேரன். கபடி ஆட்டத்தில் அவனுக்கு முழங்கால் ஜவ்வு அறுந்து, ஐந்து மாதங்களுக்கு முன் சஸ்திர சிகிச்சை செய்து புது ஜவ்வு வைத்திருந்தார்கள். "காலை அழுத்தி ஊன்றாதே, ராசா" என்பது அப்பத்தாவின் கட்சி. "வலியே இல்லை, அப்பத்தா, தையிலே மாடு பிடிக்கப் போகிறேன்" என்பது பேரனின் கட்சி. தீர்ப்புச் சொல்லும்படி நம்மைக் கேட்டார்கள். இருவருமே தோற்றார்கள் என்றோம்.

அப்பத்தாவின் கட்சி நிற்காது. காலுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டே இருந்தால் தொடைச் சதை சில வாரங்களில் வற்றிவிடும். முழங்கால் விறைத்துப் போகும்.

பேரன் விஷயம் சற்று நுட்பமானது. புது ஜவ்வு என்பது பெரும்பாலும் நோயாளியின் தொடைப் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லுக்கு அருகிலிருந்தோ எடுத்த தசைநார்தான். எலும்பில் துளையிட்டு அதைப் பொருத்துகிறார்கள். அங்கே அது முதலில் தன் பழைய வலுவை இழந்து, பிறகு புதிய இரத்தக் குழாய்கள் ஓடி, மெல்ல மெல்ல ஜவ்வாக மாறுகிறது. இதற்கு ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகும். இரண்டு மூன்று மாதத்தில் வலியும் வீக்கமும் போய், 'கால் சரியாகிவிட்டது' என்று தோன்றுகிறதே, ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் ஜவ்வு மிகவும் பலவீனமாயிருக்கிறது! மாடு பிடிக்கிறவனோ திமிலைத் தழுவிக்கொண்டு பாதத்தைத் தரையில் ஊன்றுகிறான். காளை அவன் உடம்பைச் சுழற்றுகிறது. ஜவ்வு அறுவதற்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு வேறு வேண்டியதில்லை.

ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்கள் மறுபடி காயம்படுவது அதிகம் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். மாதக் கணக்கு மட்டும் போதாது. அந்தக் கால் மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது பெற்றிருக்க வேண்டும். ஒற்றைக் காலால் தாவி இறங்கிக் காட்ட வேண்டும். நம் சிறுமிகளின் நொண்டி விளையாட்டுக்கு வைத்திய சாஸ்திரத்தில் இப்படி ஒரு கௌரவம்!

பையன் முகம் வாடிற்று. பிறகு மெதுவாக உண்மையைச் சொன்னான். மாடிப்படி இறங்கும்போதே கால் தன்னைக் கைவிட்டுவிடும் என்று அச்சமாயிருக்கிறதாம். ஒரு காளையை அடக்கிவிட்டால் அந்த அச்சம் ஓடிவிடும் என்று எண்ணினானாம்!

கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்தின் கதையை அவனுக்குச் சொன்னோம். 2022 டிசம்பரில் மோட்டார் விபத்து. வலது முழங்காலில் ஒன்றல்ல, மூன்று ஜவ்வுகள் அறுந்தன. சிகிச்சைக்குப் பின் ஊன்றுகோலுடன் நீச்சல் குளத்துத் தண்ணீருக்குள் அடி அடியாக நடந்து பழகினார். ஆட்டத்துக்குத் திரும்பியது 2024 மார்ச்சில். அந்தச் செப்டம்பரில் சேப்பாக்கத்தில், விபத்துக்குப் பின் ஆடிய முதல் டெஸ்டிலேயே 109 ஓட்டங்கள் குவித்தார்.

பையன் விரல் விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தான். மாலையில் நாம் விடைபெறும்போது, பிஸியோதெரபிஸ்ட் சொல்லியிருந்த கணக்குப்படி, கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்தவர் அப்பத்தா.