வாளியை உடைத்தால் கஞ்சா ஒழிந்துவிடுமா?



கொஞ்ச நாளாக நம்மூர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. "பிள்ளைகள் அறைக்குள்ளே தண்ணீர் வாளியில் கஞ்சா வளர்க்கிறார்களாம். மண்ணும் வேண்டாமாம், மோட்டரும் வேண்டாமாம். பெற்றோரே கவனம்" என்பதுதான் அதன் சாரம். அதைக் கேட்ட பதற்றத்தில், உயர்தரம் படிக்கும் ஒரு மாணவன் மொட்டைமாடியில் வைத்திருந்த ஆறு வாளிகளையும் வீட்டார் தூக்கிக் கொட்டிவிட்டார்கள். அதில் இருந்தது கங்குனும் சலாது இலையும். பக்கத்து வீட்டார் கேட்ட கேள்விக்குப் பயந்துதான் கொட்டினோம் என்றார்கள்.

இந்தப் பதிவை எழுதக் காரணம் அதுதான். கஞ்சா ஒரு விடயம். வாளி வேறொரு விடயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், தடுக்க வேண்டியதைத் தடுக்கவும் மாட்டோம், வளர்க்க வேண்டியதை வளர்க்கவும் மாட்டோம்.

முதலில் கஞ்சாவைப் பேசுவோம். பெற்றோரின் பயம் வீண் பயம் அல்ல. வகுப்பறையில் நிற்கும் நமக்கு அது தெரியும். பிள்ளைகள் இன்று இதை ஒளித்துப் பேசுவதில்லை, நியாயம் சொல்லிப் பேசுகிறார்கள். அந்த நியாயங்களுக்கு அதட்டல் பதிலாகாது. விளக்கம்தான் பதில்.

"ஒரே ஒரு செடி, சொந்தப் பாவனைக்குத்தானே" என்கிறார்கள். இலங்கைச் சட்டத்தில் அப்படியொரு சலுகை இல்லை. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கஞ்சா பயிரிடுவதையே குற்றமாக வைத்திருக்கின்றன. ஒரு செடி என்றாலும் பயிரிட்டது பயிரிட்டதுதான். பதினெட்டு வயதில் பொலிஸ் பதிவு ஒன்று விழுந்தால் அரச வேலைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் அது பின்னாலேயே வரும்.

"ஆயுர்வேதத்தில் இருக்கிறதே, அரசாங்கமே ஏற்றுமதிக்கு வளர்க்க விட்டிருக்கிறதே" என்பது அடுத்த நியாயம். ஆயுர்வேத மருந்துக்கு அது பயன்படுவது உண்மை. ஆனால் அது 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ், பதிவுபெற்ற வைத்தியர்களுக்காக நடக்கும் கட்டுப்பாடான ஏற்பாடு. 2025இல் முதலீட்டுச் சபையின் கீழ் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த அனுமதியும் ஏற்றுமதிக்கு மட்டும். அதைக் காட்டி நம் வீட்டு அறைக்கு யாரும் அனுமதி எடுக்க முடியாது.

"தாய்லாந்தில் சட்டபூர்வம்" என்று சொல்லும் பிள்ளைக்கு மிச்சக் கதையையும் சொல்லுங்கள். 2022 ஜூனில் திறந்துவிட்ட அதே நாடு, மூன்று வருடம் பட்ட அனுபவத்துக்குப் பிறகு 2025 ஜூனில் வைத்தியரின் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூ விற்கக் கூடாது என்று இறுக்கியது.

"மூலிகைதானே" என்பது கடைசி நியாயம். போதை தருவது செடியிலிருந்து வந்தாலும் போத்தலிலிருந்து வந்தாலும் மார்க்கத்தில் தீர்ப்பு ஒன்றுதான். ஹஷீஷ் பற்றி இமாம் இப்னு தைமிய்யா போன்றோர் எழுதி ஏறக்குறைய 700 வருடங்கள் ஆகின்றன. இது புதுப் பிரச்சினையும் அல்ல, புதுத் தீர்ப்பும் அல்ல. உடல் பக்கம் பார்த்தாலும், மனித மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த வயதுக்குள் தொடர்ந்து கஞ்சா பாவிப்பது ஞாபக சக்தியையும் கவனத்தையும் கெடுக்கிறது. சிலருக்கு மனநோய் வரும் ஆபத்தையும் கூட்டுகிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய நட்டம் என்ன இருக்கிறது?

இனி வாளிக்கு வருவோம்.

பிள்ளைகள் யூடியூப்பில் பார்க்கும் இந்த முறையை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் ஹவாய் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை விஞ்ஞானி பேர்னாட் கிராட்கி. அதனால் அதற்குக் கிராட்கி முறை என்றே பெயர். அவர் அதைப் பிரபலப்படுத்தியது கஞ்சாவுக்காக அல்ல, சலாது இலைக்காக! பின்னால் வந்த சிலர்தான் அதைக் கஞ்சாவுக்கு இழுத்துப்போனார்கள். கத்தியால் குத்துகிறவன் இருக்கிறான் என்பதற்காக நாம் குசினியில் கத்தி வைக்காமல் விடுகிறோமா?

முறை மிக எளிது. மூடியுள்ள, வெளிச்சம் புகாத ஒரு வாளி. மூடியில் ஒரு துளை. துளையில் அடிப்பக்கம் ஓட்டைகள் போட்ட ஒரு யோகட் கோப்பை. கோப்பைக்குள் கொஞ்சம் தும்புச்சோறும் ஒரு நாற்றும். வாளிக்குள் உரம் கரைத்த தண்ணீர், கோப்பையின் அடியைத் தொடும் அளவுக்கு. அவ்வளவுதான்.

மோட்டர் இல்லாமல் வேர் எப்படி மூச்சுவிடும்? அங்கேதான் அந்த மனிதரின் கெட்டித்தனம் இருக்கிறது. செடி தண்ணீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மேலே வெறுமையாகும் இடத்தில் ஈரக் காற்று நிறையும். அந்தக் காற்றில் தொங்கும் மேல்வேர்கள் ஒட்சிசனை எடுக்கும், கீழ்வேர்கள் தண்ணீரையும் உரத்தையும் எடுக்கும். ஆகவே பாதியில் பாவம் என்று நினைத்து வாளியைத் திரும்ப நிரப்பக் கூடாது. நிரப்பினால் காற்றுக்குப் பழகிய வேர்கள் மூழ்கிச் செடி வாடிவிடும். ஒரு சலாதுச் செடிக்கு ஏறக்குறைய 4 லீற்றர் போதும். நட்டு ஐந்து ஆறு வாரத்தில் அறுவடை.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன காலத்திலும் இந்த வாளிக்கு ஒன்றும் நடந்திருக்காது. உரத்துக்கு நம் நாட்டில் அல்பேர்ட்ஸ் கலவை பொதியாகக் கிடைக்கிறது. பொதியில் போட்ட அளவை மீறாமல் கரைத்தால் போதும்.

இது யாருக்குத் தேவை? நமக்குத்தான் முதலில் தேவை. காத்தான்குடி தொடக்கம் சாய்ந்தமருது, மருதமுனை வரை நம் ஊர்களைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறோ வயலோ. நடுவில் சுவரோடு சுவராக வீடுகள். உம்மாவின் வளவைப் பிரித்து மூன்று மகள்மாருக்கு வீடு கட்டினால் கறிவேப்பிலைக்குக்கூட மண் மிஞ்சாது. மிஞ்சும் மண்ணும் கடற்கரை மணல். ஊற்றுகிற தண்ணீரும் போடுகிற உரமும் நேரே கிணற்றுக்குத்தான் இறங்கும். மொட்டைமாடி மட்டும் சும்மா வெயில் காய்கிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்த பிறகு மரக்கறி விலை ஏறிய ஏற்றத்தை எந்த வீடும் மறந்திருக்காது.

ஆனால் இதிலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது.

முதலாவது, நுளம்பு. தேங்கிய தண்ணீர் என்றால் டெங்கு. முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் வழக்கும் வரும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். கோப்பையைச் சுற்றி இடைவெளி இருந்தால் பஞ்சாலோ நுண்வலையாலோ அடைக்க வேண்டும். வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். அறுவடை முடிந்த வாளியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இதைச் செய்ய நேரம் இல்லாதவர் தயவுசெய்து இதில் இறங்க வேண்டாம்.

இரண்டாவது, வாளியும் தண்ணீரும். இரசாயனம் வந்த வாளி வேண்டாம். ஐஸ்கிரீம், யோகட் போன்ற உணவுப்பொருள் வந்த பாத்திரமே நல்லது. உள்ளே வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். வெளியே கறுப்பாக இருந்தால் நம் வெயிலுக்குத் தண்ணீர் கொதித்து வேர் அவிந்துவிடும். கறுப்பு மறைப்புக்கு மேலே வெள்ளைப் பூச்சு அடித்து, நண்பகல் நிழல் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். கிணறு உவர் என்றால் மழைத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ எடுங்கள். மிஞ்சும் உரத் தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டாமல் தூரத்தில் இருக்கும் தென்னைக்கு ஊற்றுங்கள்.

மூன்றாவது, பயிர். நுவரெலியாக் குளிரில் வளரும் சலாது நம் கரையோர வெப்பத்தில் சீக்கிரம் பூத்துக் கசக்கும். தொடங்குகிறவர்கள் கங்குனில் தொடங்குங்கள். அது தண்ணீரிலேயே பிறந்த கீரை, இலேசில் ஏமாற்றாது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விபரமாகச் சொல்கிறோம்? ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு ஒன்றை வளர்த்துப் பார்க்கும் ஆசை இருக்கிறது. இரவில் எழுந்து வேரின் நீளம் பார்க்கிற ஆர்வம் இருக்கிறது. உரம் நிறுக்கும் கணக்கு இருக்கிறது. அந்த ஆர்வத்தை நாம் வாளியோடு கொட்டிவிட்டால் அது காணாமல் போகாது. கதவைச் சாத்திக்கொண்டு போனுக்குள் போகும். அங்கே அவனுக்குப் பாடம் எடுக்க யார் காத்திருக்கிறார்கள் என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

ஆகவே நம் கோரிக்கைகள் சில.

பெற்றோருக்கு: பிள்ளை எதையாவது வளர்த்தால் உடைக்க முன் பக்கத்தில் இருந்து கேளுங்கள். என்ன செடி, எத்தனை நாள், எதற்கு என்று. ஒளிக்காதவன் மணிக்கணக்கில் விளக்குவான். இலையைப் பார்த்து அவசரப்படவும் வேண்டாம். மரவள்ளி இலையைக் கஞ்சா என்று சொன்ன பெரிய மனிதர்களும் நம்மிடையே உண்டு. உண்மையிலேயே கஞ்சாதான் என்றால் குடும்ப மானத்துக்காக மூடி மறைக்காதீர்கள், தெருவுக்கும் இழுக்காதீர்கள். செடியை வீட்டில் ஒரு நாளும் வைத்திருக்க விடாதீர்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையில் ஆலோசனை கிடைக்கிறது. வைத்தியரிடம் கூட்டிப்போவது வெட்கம் அல்ல.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு: போதைக்கு எதிரான குத்பா வருடத்தில் பல முறை நடக்கிறது, நல்லது. அதோடு சேர்த்துப் பள்ளி மாடியில் இருபது வாளிகளுக்கு இடம் கொடுத்து, இளைஞர்களிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். வரும் கீரை ஏழை வீடுகளுக்குப் போகட்டும். நட்டதில் ஒரு பறவை கொத்தினாலும் நட்டவருக்கு ஸதகா என்று படித்த சமூகம் நாம்.

பாடசாலைகளுக்கு: விஞ்ஞானப் பாடத்தில் வேர், சுவாசம், கனியுப்பு என்று கரும்பலகையில் எழுதுவதை இந்த வாளியில் கண்ணால் காட்டலாம். ஒரு வகுப்புக்கு ஒரு வாளி போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலிலேயே அழைத்துக் காட்டிவிட்டால் நுளம்புப் பயமும் போகும், ஊர் வாயும் அடங்கும்.

குரல் பதிவைப் பகிர்ந்தவர்களின் நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. இந்தப் பதிவையும் அதே குழுமங்களில் பகிருங்கள் என்றுதான் கேட்கிறோம். ஆர்வமுள்ள பிள்ளைகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், எந்த வட்டாரம் என்று மட்டும் போதும். நோன்பு வருவதற்குள் முதல் கங்குன் பிடியை அறுக்கலாம், இன்ஷா அல்லாஹ்.